முன்னால் ஓடிய கடிகாரங்கள்

அண்ணி போன் செய்த சாயங்காலம் சின்னவர் தன் கைக்கடிகாரத்தைப் பிரித்து மேஜை மேல் பரப்பி வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை அதைத் துடைத்து எண்ணெய் விடுவது அவர் வழக்கம். அந்த நேரத்தில் வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது, யாரும் தும்மக் கூடாது, கதவை அறைந்து சாத்தக் கூடாது. போன் மட்டும் சட்டதிட்டம் தெரியாமல் அடித்தது. சக்கரங்களை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தால் மூடிவிட்டு எழுந்து போய் எடுத்தார்.

"தம்பி, நான்தான் பேசறேன்," என்றாள் அண்ணி. "உங்க அண்ணனுக்கு நாளைக்கு நெஞ்சுல ஆபரேஷன். காலைல பத்து மணிக்கு உள்ள கொண்டுபோயிடுவாங்களாம். அதுக்கு முன்னாடி உங்களைப் பாக்கணுங்கறார்."

"அவரே சொன்னாரா?"

"அவரேதான். நான் ஒண்ணும் சேர்த்துச் சொல்லல. 'அவனை வரச் சொல்லு'ன்னார். டாக்டர் எதையும் உறுதியா சொல்ல மாட்டேங்கறார் தம்பி. இந்த நேரத்துலயும் வீம்பு பிடிக்காதீங்க."

"வர்றேன் அண்ணி," என்றார் சின்னவர். போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு, பிரித்த கடிகாரத்தைத் திரும்பப் பூட்ட முடியவில்லை. கிண்ணத்தை அப்படியே கவிழ்த்தபடி விட்டுவிட்டார்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. கடல் கடந்தா இருந்தார்கள்? ஒரே ஊர்தான், இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். சொத்துத் தகராறு கிடையாது, பெண்டாட்டிமார்களுக்குள் மனக்கசப்பு கிடையாது. அவர்களுக்குள் வந்த ஒரே சண்டை இருவரும் சேர்ந்து நடத்திய கடிகாரக் கம்பெனியால் வந்தது. ஆகவே கம்பெனியின் கதையைச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த முடியாது.

கம்பெனி ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் பிறந்தது. கீழே தையல் மிஷின்கள் ஓடினால் மேலே மேஜை அதிரும், மேஜை அதிர்ந்தால் இடுக்கியில் பிடித்த திருகாணி எங்கேயோ பறந்துவிடும். அதனால் தையல்காரர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துத்தான் இவர்கள் வேலை செய்வார்கள். தையல்காரருக்கு நல்ல பசி இருக்க வேண்டும் என்று அண்ணன் தினமும் வேண்டிக்கொள்வாராம். வெளிநாட்டிலிருந்து தகர டப்பாவில் வரும் இயந்திரத்தைத் தம்பி உறைக்குள் பொருத்தி, முள் மாட்டி, ஓட்டம் சரிபார்ப்பார். அண்ணன் அதைச் சட்டைப் பைகளில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார். அண்ணனுக்கு வாய், தம்பிக்குக் கை என்று ஊரில் பேச்சு. பெரியவர், சின்னவர் என்ற பெயர்கள் அப்போது ஒட்டியவைதான். இப்போது சின்னவருக்கு எழுபது தாண்டிவிட்டது, இன்னமும் சின்னவர்தான்.

முதல் வருஷத்திலேயே ஒரு அடி விழுந்தது. மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றும் ஒருவர் இவர்களுடைய கைக்கடிகாரத்தை வாங்கிக் கட்டியிருந்தார். அது கொஞ்சம் பின்தங்கி ஓடியது. அதை நம்பிக் கிளம்பி ஒரு ரயிலைத் தவறவிட்டார், அந்த ரயிலோடு வேலையும் போனது. மனிதர் வந்து சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தார், ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் பெரியவர் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், இனிமே நம்ம வாட்ச் ஒண்ணுகூட பின்னாடி ஓடக் கூடாது. முன்னாடி ஓடினா யாருக்கும் நஷ்டமில்ல. சீக்கிரம் போய்ட்டோமேன்னு சிரிச்சுப்பான். லேட்டாப் போனவன் நம்மளை மண்ணை வாரித் தூத்துவான்."

"சரியா ஓடற மாதிரி வைக்கறேண்ணே."

"சரியாங்கறது ஒரு மாசம் நிக்கும். அப்புறம் பின்னாடிதான் போகும். நீ கொஞ்சம் முன்னாடி தள்ளியே வை."

அன்றிலிருந்து அதுவே கம்பெனியின் சட்டமாகிவிட்டது. பின்மூடிக்குள் இருக்கும் சிறு நெம்புகோலைச் சின்னவர் ஒரு மயிரிழை வேகத்தின் பக்கமாகவே தள்ளி வைப்பார். அது போதாதென்று பெட்டியில் வைத்து மூடுவதற்கு முன்னால் முள்ளையும் ஐந்து நிமிஷம் முன்னால் நகர்த்திவிடுவார்கள். 'எங்கள் கடிகாரம் கட்டியவர் ரயிலை விட்டதில்லை' என்று பெரியவர் விளம்பரப் பலகை எழுதிவைத்தார். கடிகாரங்கள் பிய்த்துக்கொண்டு போயின. வாங்கியவர்களில் சிலர் முள்ளைத் திருத்திக்கொண்டார்கள், பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். ஐந்து நிமிஷம் கையிருப்பில் இருப்பது யாருக்குத்தான் பிடிக்காது?

பிறகு ஊருக்கு வெளியே பெரிய கட்டடம் எழும்பியது. சக்கரங்களையும் தகடுகளையும் தாங்களே வெட்டினார்கள், ஓட்டத்தின் வேகத்தைப் பிடித்துவைக்கும் மயிரிழைச் சுருளை மட்டும் கடைசிவரை வெளியிலிருந்துதான் வாங்கினார்கள். பொருத்தும் கூடத்துக்கு இரட்டைக் கதவு. நீள மேஜைகளில் வரிசையாகப் பெண்கள், தலையில் வெள்ளைத் துணி, கண்ணில் லென்ஸ். பவுடர் பூசி வரக் கூடாது. அங்கே மேற்பார்வை பார்த்த அம்மாளுக்குத் தும்மலக்கா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தும்மு தும்மி ஒரு தட்டுச் சக்கரங்களையும் காற்றில் விட்டவள். அன்றைக்குக் கூடம் முழுக்க நாலு காலில் தவழ்ந்து தேடியது. பெரியவரும் கோட்டு சூட்டோடு தவழ்ந்தார். "உனக்கு ஜலதோஷம்னா லீவு போடும்மா, கம்பெனியை மூட வைக்காதே" என்று தரையிலிருந்தே சொன்னார். கூடமே சிரித்தது.

ஆலைச் சுவரில் இருந்த பெரிய கடிகாரமும் ஐந்து நிமிஷம் முன்னால்தான் ஓடியது. சங்கும் அப்படியே ஊதியது. கம்பெனி ஆட்களின் வீடுகளில் அத்தனை பேர் மணிக்கட்டிலும் கம்பெனிக் கடிகாரம், அதனால் காட்டும் நேரத்திலிருந்து ஐந்து நிமிஷத்தைக் கழிப்பது எல்லோருக்கும் கைவந்த கலை. வெளியாள் யாரையாவது பார்க்கப் போனாலும் சரி, பஸ் பிடிக்கப் போனாலும் சரி, முகப்பில் கம்பெனிப் பெயரைக் கண்டால் கண் தானாகவே ஐந்தைக் கழித்துவிடும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டை விடுகிற பிள்ளைகள்கூட இதில் தவறியதில்லை. சின்னவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பேட்டரிக் கடிகாரம் வந்தது.

பெரியவர் வெளிநாடு போய்வந்தபோது ஒன்றை வாங்கிவந்து தம்பியின் மேஜையில் வைத்தார். "ஒரு மாசம் ஓட்டிப் பாரு" என்றார். சின்னவர் ஓட்டிப் பார்த்தார். ஒரு மாசத்தில் அது முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நெம்புகோல் இல்லை, மயிரிழைச் சுருள் இல்லை, சாவி கொடுக்க வேண்டியதில்லை. விலையோ சல்லிசு. சின்னவர் அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடிவைத்தார்.

கடைகளில் கம்பெனிக் கடிகாரங்கள் தேங்க ஆரம்பித்தன. போனவை திரும்பி வந்தன. பெரியவர் ஒரு முடிவுக்கு வந்தார். பேட்டரி இயந்திரத்தை மொத்தமாக வெளியே வாங்கி, தங்கள் உறையில் போட்டு, தங்கள் பெயரில் விற்பது. அப்படிச் செய்தால் பொருத்தும் கூடத்துக்கு வேலை இல்லை. முள்ளை முன்னால் நகர்த்துவதையும் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் சரியான நேரம் காட்டுகிறது என்று சொல்லித்தானே விற்க வேண்டும்.

இதை அவர் கூடத்தில், எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சின்னவருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இதுல நாம என்னண்ணே செய்யறோம்? யாரோ செஞ்சதுல நம்ம பேரை ஒட்டறோம். அதுக்கு இத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பணுமா?"

"இப்ப பாதிப் பேரை அனுப்பினா மிச்சப் பேர் பொழைப்பாங்க. பிடிவாதம் பிடிச்சா எல்லாரும் போவோம். அதைப் புரிஞ்சுக்கோ."

"நீ கடிகாரம் செய்யறவன் இல்ல. விக்கறவன். உனக்கு எதைக் கொடுத்தாலும் விப்பே."

"நான் வித்ததாலதான்டா நீ இத்தனை வருஷம் செஞ்சே!"

இரண்டும் உண்மைதான். அதனால்தான் இரண்டும் அப்படிச் சுட்டன. தும்மலக்கா குறுக்கே வந்து, "ஐயா, விடுங்க, சாப்பாட்டு நேரமாச்சு" என்று இருவரையும் பார்த்துச் சொன்னாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவர் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்தார். கூடத்தைத் தாண்டி, இரட்டைக் கதவைத் தாண்டி வெளியே போனவர், அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் காலடி எடுத்து வைக்கவில்லை.

பெரியவர் ஆள் விட்டுப் பார்த்தார், தானே ஒரு தடவை வாசல்வரை வந்தார். சின்னவர் உள்ளறையிலேயே இருந்துகொண்டு, வீட்டில் இல்லை என்று மனைவியை விட்டுச் சொல்லவைத்தார். வாசலில் சின்னவரின் செருப்பு கிடந்தது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, வந்தா சொல்லு" என்று போய்விட்டார்.

கம்பெனி பேட்டரியோடு எட்டு வருஷம் தாக்குப்பிடித்தது. பாதிப் பேருக்கு அந்த எட்டு வருஷமும் சம்பளம் வந்தது, பிள்ளைகள் படித்து முடித்தார்கள். பழைய கடிகாரத்தையே பிடித்துக்கொண்டிருந்த வேறு கம்பெனிகள் இரண்டே வருஷத்தில் கதவைச் சாத்தின. இதையெல்லாம் சின்னவர் வீட்டில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அண்ணன் சொன்னது சரி என்று அவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தெரிந்ததைப் போய்ச் சொல்வதற்குத்தான் மனசு வரவில்லை. ஒவ்வொரு வருஷம் தள்ளிப்போடும்போதும் அது இன்னும் கொஞ்சம் கஷ்டமாயிற்று. வீம்பு என்று ஒன்று பிடித்துவிட்டால் அது மனிதனைச் சும்மா விடுவதில்லை.

கடைசியில் கம்பெனிப் பெயரை யாரோ வாங்கிக்கொண்டார்கள். கட்டடம் குளிர்பதனப் பெட்டிகள் அடுக்கிவைக்கும் கிடங்காயிற்று. மூடுவதற்கு முன்னால் பெரியவர் கடைசியாகச் செய்த கடிகாரங்களைப் பழைய ஆட்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒன்று என்று அனுப்பிவைத்தார். சின்னவர் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அவர் பெட்டியைத் திறக்காமலே அலமாரியில் போட்டார்.

ஆபரேஷன் நாள் காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டு மணிக்கட்டைத் தடவியபடி நின்றார். அவருடைய கடிகாரம் கிண்ணத்துக்கடியில் துண்டு துண்டாகக் கிடந்தது. மனைவி அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்தாள்.

"இதைக் கட்டிட்டுப் போங்க. உங்க அண்ணன் பாத்தா சந்தோஷப்படுவார்."

"ஓடுதா?"

"ஓடும். பேட்டரி தீர்ந்தப்போ நான்தான் போட்டு வச்சேன். உங்களுக்குத் தெரியாம."

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார் என்று சொன்னால் மிகைதான், ஆனால் அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. வாரை அவளே மாட்டிவிட்டாள். முகப்பில் கம்பெனிப் பெயர், தையல் கடைக்கு மேலே இருந்த நாளில் பெரியவர் தேர்ந்தெடுத்த அதே சாய்ந்த எழுத்து. சின்னவர் அதைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் முழு வழியும் ஒத்திகை பார்த்தார். 'எப்படி இருக்கே' என்று ஆரம்பிப்பதா? நெஞ்சைப் பிளக்கக் கொடுக்கப் போகிறவரிடம் அது என்ன கேள்வி. 'மன்னிச்சுக்கோ' என்றால் அண்ணனுக்குப் பிடிக்காது, 'நாடகம் போடாதே' என்பார். 'நீ அன்னிக்குச் சொன்னது சரிதாண்ணே' என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லத்தான் போகிறார். அதற்கு முன்னால் வேறு ஏதாவது ஒன்று வேண்டும், ஏறுவதற்கு ஒரு படி மாதிரி.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி மணியைப் பார்த்தார். பத்தடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. முகப்பில் கம்பெனிப் பெயர். கண் தானாகக் கழித்தது. அப்படியென்றால் இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. அண்ணன் இருந்தது இரண்டாவது மாடி. இப்போதே போனால் வெகுநேரம் முகத்தோடு முகம் பார்த்து உட்கார வேண்டும், சொல்ல வந்ததைச் சொன்னபிறகு என்ன பேசுவது? கடைசி ஐந்து நிமிஷம் பார்த்தால் போதும் என்று நினைத்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, தலையைச் சீவிக்கொண்டார்.

எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. அதுவும் அவர் கையிலிருந்ததும் ஒரே நேரம் காட்டின. 'இதுவும் முன்னாடி ஓடுது, யார் வச்சானோ' என்று சின்னவர் மனசுக்குள் ஆஸ்பத்திரிக்காரர்களைக் கிண்டல் செய்தார். பேட்டரிக் கடிகாரம் பிசகாது என்று ஒரு மாசம் ஓட்டிப் பார்த்து அறிந்தவர் அவர்தான். முள்ளை முன்னால் தள்ளும் வழக்கத்தை அண்ணன் நிறுத்திவிட்டார் என்பதும் தெரியும், சண்டை நடந்த அன்றைக்கே அவர் காதுபடச் சொன்னதுதானே. அதெல்லாம் புத்திக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. கண் முப்பது வருஷமாகக் கழித்துப் பழகியிருந்தது.

எழுந்து நிதானமாகப் படியேறினார். இரண்டாவது மாடியில் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் காலியாக இருந்தது, தலையணையில் தலை வைத்த பள்ளம் இருந்தது. அண்ணி ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"இப்பதான் தம்பி கொண்டுபோனாங்க," என்றாள். "இப்பதான். லிஃப்ட் கதவு மூடினதும் நீங்க படியில வர்றீங்க."

சின்னவர் இன்னும் ஒரு மாடி ஏறி, மேல் மாடிக் காரிடாரில் ஓடினார். கடைசியில் ஒரு கதவு, உள்ளே போகக் கூடாது என்று எழுதியிருந்தது. ஒரு நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினாள். திரும்பிப் படியிறங்கி வந்தார். மூச்சு வாங்கியது.

"பஸ் கிடைக்கலியா?" என்றாள் அண்ணி.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அண்ணி அவர் கையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"அவர் சொன்னது சரியாப் போச்சு. உங்க வீட்ல போன் பண்ணிச் சொன்னா, நீங்க அவர் கொடுத்த வாட்சைக் கட்டிட்டுக் கிளம்பிட்டீங்கன்னு. நான் அவர்கிட்ட சொன்னேன். அப்படிச் சிரிச்சார் தம்பி. எத்தனை நாளாச்சு அவர் அப்படிச் சிரிச்சு. 'கட்டிட்டானா, கட்டிட்டானா'ன்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் திடீர்னு முகம் மாறிடுச்சு. 'ஐயோ, அது சரியான நேரம் காட்டுமே, அவன் அஞ்சு நிமிஷம் கழிச்சுடுவானே'ன்னார்."

சின்னவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளிட்டுப் போக வந்தவங்களைக் கெஞ்சினார். 'என் தம்பி வந்துட்டே இருக்கான், அஞ்சே அஞ்சு நிமிஷம் பொறுங்கப்பா'ன்னு. அவங்களும் நல்லவங்கதான், கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் டாக்டர் உள்ளேருந்து கூப்பிட்டு அனுப்பிட்டார். லிஃப்ட் வரைக்கும் படிக்கட்டையே பாத்துட்டுப் போனார்." அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நிஜமாவே கழிச்சீங்களா?"

"ஆமா அண்ணி."

"பரவாயில்ல விடுங்க. வெளிய வந்ததும் இதைச் சொல்லிச் சொல்லியே உங்களைப் படாதபாடு படுத்தப் போறார்."

இருவரும் மேல் மாடிக் காரிடாரில் போய் உட்கார்ந்தார்கள். அண்ணி தண்ணீர் கொடுத்தாள். சின்னவர் குடிக்கவில்லை. கீழே பெஞ்சில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்ததை அவளிடம் சொல்லவில்லை. அண்ணன் வெளியே வந்ததும் அவரிடமே சொல்லிவிடலாம், திட்டு வாங்கினாலும் அவரிடம்தான் வாங்க வேண்டும் என்று நினைத்தார். அவர் திட்டுவதை நினைத்தபோது கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

மதியம் தாண்டி டாக்டர் வெளியே வந்தார். முகமூடியை இறக்கிவிட்டு முதலில் தரையைப் பார்த்தார். அண்ணி எழுந்தவள், அவர் சொல்லி முடிப்பதற்குள் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். சின்னவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். ரத்தம், இதயம், எல்லா முயற்சியும் என்று வார்த்தைகள் வந்தன. சின்னவருக்கு ஒன்றும் ஏறவில்லை.

கொஞ்சம் கழித்து உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அண்ணி கொஞ்ச நேரம் நின்றாள், காலைத் தொட்டாள், பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். சின்னவர் மட்டும் நின்றார். பெரியவருக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. இளைத்திருந்தார். இத்தனை வயசானவராக அண்ணனை அவர் பார்த்ததே இல்லை. இது எப்போது நடந்தது என்று திகைப்பாக இருந்தது. நடந்ததெல்லாம் அந்தப் பதினொரு வருஷத்தில்தான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு காதோரம் குனிந்தார்.

"வந்துட்டேண்ணே," என்றார். "நீ அன்னிக்குச் சொன்னது சரிதாண்ணே."

பதில் வரவில்லை. பதினொரு வருஷமாகப் பதில் சொல்ல ஆள் இருந்தது. இவர்தான் பேசவில்லை.